நீட்டி ஊதாத விசில்

கருப்புசாமி தன் முதலாளி ரவிதேஜாவுக்குத் தர வேண்டியது முப்பத்தேழாயிரத்து அறுநூத்தம்பது ரூபாய்.

மகள் இனியாவுக்கு நர்சிங் காலேஜில் ஃபீஸ் கட்ட வாங்கிய முன்பணம் அது. கழிகிற வரைக்கும் பூங்காவின் வாசல் ரூமிலேயே காவலுக்குக் கிடக்க வேண்டும், சொந்த ஊரான அந்தியூர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று பேச்சு. கழிந்ததா என்று கேட்டால் கழிந்தது என்று சொல்ல ரவிதேஜாவுக்கு நாக்கு வராது. குப்பைத்தொட்டி உடைந்தால் கணக்கில் ஏறும். எவனாவது வேலி தாண்டி டிக்கெட் இல்லாமல் நுழைந்தால் அதுவும் ஏறும். ஏறி ஏறித்தான் அவன் பார்த்திருக்கிறான், இறங்கிப் பார்த்ததில்லை.

ஆனால் அந்த ஐப்பசிச் சாயங்காலம் அவனைக் குடைந்தது கடன் அல்ல, ஒரு பறவை. பூங்கா மூடுகிற நேரத்துக்கு, அதன் நடுவில் இருக்கிற குழியின் விளிம்பில் நின்று, வழக்கம்போல மூணு தரம் குட்டையாக விசில் ஊதினான். பீ. பீ. பீ. ஊதின மாத்திரத்தில் கீழே அந்தப் பறவை கத்துவது நின்றுபோனது.

டொக், டொக், டொக் என்று பகல் முழுக்கக் கேட்கிற சத்தம்தான். ஒரே அளவாக, ஒரே இடைவெளி விட்டு, அலுப்போடு கேட்கும். வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்ததால் காது அதை ஒதுக்கிவிட்டது. நின்றபோதுதான் உறைத்தது. மைனாக்கள் அடங்கவில்லை, வேலமரத்து மயில் அடங்கவில்லை, மதுக்கரை ரோட்டில் சிமெண்ட் லாரிகள்கூட உறுமிக்கொண்டுதான் போயின. அது மட்டும், மேஸ்திரி அதட்டினதும் கையைக் கட்டிக்கொள்கிற கூலியாள் மாதிரி அடங்கியது. விசிலுக்கு ஒரு குருவி ஏன் அடங்க வேண்டும்?

மறுநாளும் பார்த்தான். ஊதினான். நின்றது. அதற்கு அடுத்த நாளும்.

வெண்குழி இயற்கைப் பூங்கா என்று பேரே தவிர, அது முன்னே சுண்ணாம்புக்கல் குவாரி. பூமியைக் கடித்து எடுத்த மாதிரி ஒரு பெரிய குழி, அடியில் பால் கலந்த பச்சைத் தண்ணீர், சுத்தி வேலிக்காத்தானும் ஊஞ்ச மரமும். ரவிதேஜாவின் தாத்தா அரங்கசாமி நடத்திய குவாரி அது. பேரன் விளிம்பைச் சுத்தி நடைபாதை போட்டு, இரும்புச் சங்கிலி கட்டி, டிக்கெட் வைத்துவிட்டான்.

வாசலில் பெரிய போர்டு. கருப்புசாமி எழுத்துக் கூட்டப் படித்தது நாற்பது வயசுக்கு மேல், மகளின் பழைய பாடப்புத்தகத்தை வைத்து. படித்தது மறந்துவிடக் கூடாதென்று கூட்டுமாத்தை ஓரமாகச் சாத்திவிட்டு, தினமும் அந்தப் போர்டை ஒவ்வொரு எழுத்தாக உதடசைத்து வாசிப்பான். காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்தரை வரை. செவ்வாய் விடுமுறை. நெகிழிப் பைகளுக்கு அனுமதி இல்லை. சங்கிலியைத் தாண்டிக் குழிக்குள் இறங்கக் கூடாது. இங்கே நீங்கள் கேட்கும் 'டொக் டொக்' ஒலி குக்குறுவான் என்னும் பறவையுடையது. அதற்குக் கீழே பூங்காவின் வரலாறு. கடைசியில் இப்படி முடியும்: 'எதிர்பாராத பாறைச் சரிவுக்குப் பின் குவாரி மூடப்பட்டது. அன்று பணியில் இருந்த தொழிலாளர்களின் முன்பணக் கடன் முழுவதையும் பெரியவர் அரங்கசாமி அவர்கள் பெருந்தன்மையுடன் தள்ளுபடி செய்தார்.'

முதல் தடவை அந்த வரியைக் கூட்டி முடித்தபோது கருப்புசாமிக்குப் பொறாமையாக இருந்தது. 'குடுத்து வெச்ச மகராசனுக' என்று நினைத்தான்.

வருகிறவர்களுக்கு அந்தக் குழியைப் பிடிக்காது, ஆனாலும் வருவார்கள். நிழல் இல்லை என்று திட்டுவார்கள், கக்கூசில் தண்ணி இல்லை என்று திட்டுவார்கள், திட்டுகிற எல்லாத்தையும் கூட்டுமாறு வைத்திருக்கிறவனைப் பார்த்துத்தான் திட்டுவார்கள். குழந்தைகள் மட்டும் சங்கிலிக்கிட்டே வந்ததும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகலாம் என்று அழும். குழிக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை என்றே கருப்புசாமிக்குத் தோன்றும். காற்றே இல்லாத மத்தியானத்திலும் கீழேயிருந்து ஒரு குளுமை ஏறி வந்து கணுக்காலைச் சுத்தும். புதுசாக வெள்ளையடித்து, கதவைச் சாத்தி வைத்த வீட்டின் வாசம் அதில் இருக்கும்.

டிக்கெட் கொடுப்பது ஜன்னத் அக்கா. உக்கடத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற அறுபது தாண்டிய மனுஷி. வயசுக் காலத்தில் இதே குவாரியில் கல் சுமந்தவள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே விசிலை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள். "மூணு குட்டையா ஊது தம்பி. நீட்டி ஊதிப்போடாத. விசிலை மாட்டிட்டுக் குழிக்குள்ள எறங்கவும் கூடாது."

இப்போது அவன் அதைப் பத்திக் கேட்டான். வானம் கறுத்து, எந்த நேரமும் கொட்டும் போல இருந்த ஒரு மத்தியானம். டிக்கெட் கூண்டுக்குள் அவள் டப்பாவைத் திறந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் குக்குறுவானுக்கு நம்ம விசில் புரியுதா என்னங்க?"

அவள் கை சோத்திலேயே நின்றது.

"எனக்கென்ன தெரியும்? குருவிகிட்டப் போயி கேளு."

"ஊதுனா நிக்குதுங்க. தெனமும் பாக்கறேன்."

"பாக்காத. கூட்டற வேலையப் பாரு." பிறகு டப்பாவை மூடினாள். "குக்குறுவான் வெய்யக் காலத்துலதான் தம்பி அப்படி விடாமக் கத்தும். இந்த அடைமழையில ஏது?"

அவள் சொன்னது இது. குவாரியில் பாறைக்கு வேட்டு வைக்கும் முன்னே விளிம்பில் நிற்கிற விசில்காரன் மூணு குட்டையாக ஊதுவான். கீழே இருக்கிறவர்கள் பாறையில் குடைந்த பொந்துக்குள் போய்ப் பதுங்கிக்கொள்வார்கள். வெடித்து, கல் எல்லாம் விழுந்து ஓய்ந்த பிறகு அதே விசில்காரன் மேலிருந்து ஒரே நீட்டாக ஊதுவான். அது கேட்காமல் ஒருத்தன் தலையை நீட்டக் கூடாது. நீட்டினால் அடி, கூலியும் வெட்டு. விசில்காரன் மட்டும் எக்காரணம் கொண்டும் கீழே இறங்க மாட்டான். அவனும் பதுங்கிவிட்டால் அப்புறம் ஊதுவது யார்?

"எம்பட ஊட்டுக்காரரு முத்தலிப்புதான் விசில்காரரு. அன்னைக்கு மூணு ஊதினாரு. வேட்டு வெடிச்சுது. பாறை சரிஞ்சு பொந்து வாயே அடைச்சுப்போச்சு. உள்ள அத்தனை பேரு. கொஞ்ச நேரங்கழிச்சு உள்ளருந்து சுத்தியல்ல தட்டறாங்க. டொக் டொக்குனு."

"தோண்டலீங்களா?"

"தோண்டுனா விசயம் வெளிய வரும், குவாரியப் பூட்டுவாங்க. அது குக்குறுவான்னு பெரியவரு சொல்லிப்போட்டாரு. ஆபீசருக வர்றப்ப எல்லாம் இவரை மூணு ஊதச் சொன்னாரு. உள்ள இருக்கறவங்க அடுத்த வேட்டுன்னு நெனச்சு, தட்டறத நிறுத்திப்போட்டுக் கம்முனு பதுங்கிக்குவாங்க. சத்தம் கேக்காதல்ல?"

கருப்புசாமியின் கழுத்தில் தொங்கிய விசில் சட்டெனக் கனத்தது.

"அப்பறம் நீட்டி ஊதவே இல்லீங்களா?"

"ஊதல. சாகற வரைக்கும் ஊதல. இப்பவும் யாராச்சும் ஊதுனா அவங்க வருவாங்க தம்பி. வந்தா மொதல்ல யாரைக் கேப்பாங்க? ஊதாத மனுசனோட பொண்டாட்டியத்தான்." முந்தானையால் வாயைத் துடைத்தாள். "கெளம்பறேன். டிக்கெட்ட நீயே கிழிச்சுக் குடுத்துரு. மழைக்கு முன்ன பஸ்ஸப் புடிக்கோணும். நீ ஊதிட்டு ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்க."

அன்றைக்கு வந்தவர்கள் குறைச்சல். நாலு மணிக்கு மேல் சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒரு பையன் பைக்கில் வந்தான். டிக்கெட்டை விரலிடுக்கில் வைத்து ஆட்டிக்கொண்டே, "இந்தக் குழியப் பாக்கறதுக்குக் காசா? எங்க ஊட்டுக் கெணறே பெருசுங்ணா" என்றான்.

"சங்கிலியத் தாண்டாதீங்க தம்பி."

"தாண்டுனா? கடிச்சு வெச்சுருவீங்களா?"

சிரித்துக்கொண்டே போய் நடைபாதை வளைவில் மறைந்தான்.

மேகம் இறங்கி மலை மறைந்துபோனது. தூறல் பிடித்தது. கருப்புசாமி விளிம்புக்குப் போனான். இன்றைக்கு ஊதாமல் விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு. டொக், டொக், டொக். மழைக்குள்ளே அது முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டது. தட்டுகிறவனின் கை வலி கூட அதில் தெரிந்தது. முப்பது வருசம் மண்வெட்டி பிடித்த கருப்புசாமிக்கு அந்த வலி தெரியும். தாங்க முடியாமல் ஊதினான். பீ. பீ. பீ.

நின்றது.

திரும்பி வாசலுக்கு வந்தால் பைக் அங்கேயே நனைந்துகொண்டு நின்றது. பையனைக் காணோம். "ஏனுங்க! தம்பி!" என்று நடைபாதை முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தான். அப்போது போன் அடித்தது. ரவிதேஜா. வாசல் கேமராவை ஊரில் இருந்தபடியே செல்லில் பார்க்கிறவன்.

"யோவ் கருப்பு, யாரு வண்டி அது?"

"ஒரு பையனுங்க. உள்ள போனவன் வரலீங்க."

"குழிக்குள்ள எறங்கி செல்ஃபி எடுத்துட்டிருப்பான். போயி இழுத்துட்டு வா."

"மழைங்க முதலாளி. இருட்டிட்டும் வருதுங்க. விசில் வேற ஊதிட்டனுங்க…"

"ஊதுனா? உன்ற காலு எறங்காதா? அவன் தண்ணில கிண்ணில உழுந்து செத்தான்னா பூங்காவ இழுத்துப் பூட்டுவாங்க. அந்த நஷ்டத்தையும் உன்ற கணக்குலதான் எழுதுவேன். உன்ற புள்ள நர்ஸாகி, கெழவியாகி, ரிட்டையர் ஆனாலும் அடையாது. எறங்குய்யா."

போன் வைக்கப்பட்டது.

கருப்புசாமி சங்கிலியைத் தாண்டினான். பயத்தில் ஒன்றை மறந்தான். விசிலைக் கழற்றி மேலே மாட்டி வைக்கவில்லை.

குவாரிக் காலத்துப் படிகள், பாறையிலேயே வெட்டினவை, ஆள் நடமாட்டம் விட்டுப்போய்ப் பாசி பிடித்து, ஒவ்வொன்றிலும் பால் நிறத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, வைக்கிற காலை அப்படியே சறுக்கிக் கீழே அனுப்பிவிடப் பார்த்தன. செல்லின் லைட்டைப் பாறைச் சுவரில் அடித்தால் சுவர் வியர்த்த உடம்பு மாதிரி மினுங்கியது. இறங்க இறங்க லாரிச் சத்தம் தேய்ந்து, மழைச் சத்தம் தேய்ந்து, தன் மூச்சு மட்டும் யாரோ பக்கத்தில் விடுகிற மாதிரிக் கேட்டது. அந்த வெள்ளையடித்த வீட்டு வாசம் இங்கே தொண்டையைக் காந்தியது. அதற்கடியில் இன்னொரு வாசமும் இருந்தது. பீடியும் வேர்வையும். வேலை முடிந்து லாரியில் நெருக்கியடித்து வீடு திரும்புகிற ஆட்களின் வாசம்.

அடியில் நின்று கூப்பிட்டான். "ஏனுங்க!"

தண்ணீருக்கு அந்தப் பக்கம், சரிந்து கிடந்த பாறைகளுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஏனுங்க."

உயிர் திரும்பியது போல இருந்தது அவனுக்கு. "எங்க தம்பி இருக்கறீங்க?"

"இங்கதானுங்க."

"அடி பட்டுப்போச்சா?"

"இல்லீங்க. இருக்கறனுங்க."

தண்ணீரின் ஓரமாகச் சுத்திக்கொண்டு போனான். பையனுக்கு இப்போதாவது மருவாதை வந்ததே என்று ஒரு நினைப்பு ஓடியது. பாறைகளுக்கு நடுவில் ஒரு சந்து. கை நுழையும் அகலம். லைட்டை அதில் அடித்தான். இருட்டுத்தான் தெரிந்தது.

அப்போது மேலே ஒரு சத்தம். பைக் கிளம்புகிற சத்தம்.

நிமிர்ந்து பார்த்தான். விளிம்பில், வாசல் பக்கம், சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது. எங்கேயோ மரத்தடியில் மழைக்கு ஒதுங்கியிருந்திருக்கிறான். "யோவ் வாட்ச்மேனு! கேட்டத் தெறந்து போட்டுட்டு எங்கய்யா போனே?" என்று காற்றில் கத்திவிட்டு, வண்டியை முறுக்கினான். சத்தம் மதுக்கரைப் பக்கமாகப் போய்க் கரைந்தது.

கருப்புசாமி மெல்லச் சந்துப் பக்கம் திரும்பினான்.

சந்துக்குள்ளிருந்து, பணிவாக, குரல் மறுபடி வந்தது.

"ஏனுங்க. ஊதிட்டாங்ளா?"

பின்னால் இன்னொரு குரல். "மூணு ஊதுனது கேட்டுச்சுங்க. நீட்டி ஊதிட்டாங்ளா?"

இன்னொன்று, வயசானது. "சித்தெ கேட்டுச் சொல்லுங்க கண்ணு. புள்ளைக்குக் காச்சலுங்க. ஊட்டுக்குப் போகோணும்."

லைட் அணைந்தது. செல் கையில் இருந்தது. உயிர் இல்லை.

ஓடினான். படி எங்கே? இங்கேதான். இல்லை. பாறை. ஈரம். பாறை. கை கிழிந்தது. விசில் நெஞ்சில் மோதியது. அப்போதுதான் அது கழுத்தில் கிடப்பது தெரிந்தது. ஜன்னத் அக்கா சொன்னது எல்லாம் மறந்தது. வாயில் வைத்தான். நீட்டி ஊதினான். நெஞ்சு வெடிக்கிற வரைக்கும். ஒரே நீட்டு. யாராவது. யாராவது வாங்க.

நிறுத்தினான்.

மேலேயிருந்து சத்தமே இல்லை.

"உள்ள இருந்து ஊதுனா செல்லாதுங்க" என்றது குரல். காதுக்குப் பக்கத்தில். கோபம் இல்லை. அலுப்பு மட்டும். "மேல இருந்து ஊதோணுமுங்க."

"விசில்காரரே எறங்கிட்டாரா?" என்றது இன்னொன்று.

"எறங்கிட்டாருங்க."

"அட கடவுளே. அப்ப யாருங்க ஊதுவாங்க?"

விளிம்பில் ஒன்று அசைந்தது. மேக வெளிச்சத்தில், வேட்டுக்கொடி மாதிரி ஒரு சிவப்புத் துணி. ஒரு கை அதை இப்படியும் அப்படியும் ஆட்டியது. ஆளின் முகம் தெரியவில்லை. ஒரு கிழட்டுக் குரல், முதலாளிக் குரல், குழி முழுக்க நிறைந்து இறங்கியது.

"வேட்டேய்! வேட்டு!"

"வாங்க, வாங்க" என்று குரல்கள் பதறின. "உள்ள வந்துருங்க. கல்லு தெறிக்குமுங்க."

கைகள். சந்திலிருந்து. சுண்ணாம்பு பூத்த கைகள். நகமில்லாத விரல்கள். தோளைப் பிடித்தன. இடுப்பைப் பிடித்தன. ஒறம்பரைச் சொந்தங்களைத் திருவிழாப் பந்திக்கு அழைத்துப்போகிற மாதிரி, நோகாமல், பத்திரமாக. கை நுழையும் சந்தில் அவன் எப்படி நுழைந்தான்? எலும்பு ஒவ்வொன்றாகச் சொன்னது.

"தலையக் குனிஞ்சு மடியில வெச்சுக்குங்க."

வெடித்தது.

பிறகு இருட்டு. பிறகு ஒரு விரல்கடை வெளிச்சம், மேலே, விளிம்பு வரைக்கும் போகிற பாறை வெடிப்பில். மழை விட்ட காலை வெய்யில். அதன் வழியாகப் பேச்சுக் கேட்டது. ரவிதேஜா. ஒரு போலீஸ்காரர். யாரோ அழுகிறார்கள். ஜன்னத் அக்கா.

"கேட்டத் தெறந்து போட்டுட்டு ஓடிப்போனானா, தண்ணில உழுந்தானான்னு தெரியலீங்க சார். செருப்பு ஒண்ணு படியில கெடந்துச்சு."

"பணம் எதுவும் பாக்கி வெச்சிருக்கானா?"

"இருந்துச்சுங்க. பாவம், பொண்ணு படிக்குது. அதுகிட்டப் போயி ஒத்த ரூவா கேக்க மாட்டனுங்க. முப்பத்தேழாயிரத்து அறுநூத்தம்பதையும் தள்ளுபடி பண்ணிட்டேன். எங்க தாத்தா வழிங்க சார் அது."

கருப்புசாமி வாயைத் திறந்தான். வாய் நிறையச் சுண்ணாம்பு. சத்தம் வரவில்லை. இருட்டுக்குள் யாரோ அவன் உள்ளங்கையை விரித்து, ஒரு சுத்தியலின் பிடியை வைத்து, விரல்களை மூடிவிட்டார்கள். பல கைகள் பிடித்து மழுங்கின பிடி.

ஓங்கித் தட்டினான். டொக். டொக். டொக்.

"அதென்னங்க சத்தம்?"

"குக்குறுவானுங்க சார். போர்டுலயே போட்டிருக்கே." ரவிதேஜாவின் செருப்பு மேலே நடந்தது. "ஜன்னத்தம்மா, இந்தாங்க புது விசில். இனி நீங்கதான் பாத்துக்கோணும். ஊதுங்க, வேடிக்கை பாக்கற கூட்டத்த வெளிய அனுப்பலாம்."

அழுகை நின்றது.

டொக் டொக் டொக் டொக். அக்கா. நான்தானுங்க. நீட்டி ஊதுங்க அக்கா. ஒரே ஒரு தரம். உங்கள ஒண்ணும் கேக்க மாட்டோமுங்க. அக்கா.

வெடிப்பை ஒரு நிழல் மறைத்தது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தியல் சத்தம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். புது விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

பீ.

பீ.

பீ.

கை தானாக நின்றது. பக்கத்தில் வரிசையாக எல்லோரும் குனிந்தார்கள். கருப்புசாமியும் கடன் இல்லாத தன் தலையை மடியில் வைத்துக்கொண்டான்.